ஈயச் சொம்புக்கு முத்திரை குத்துவது யார்?

மாட்டுங்கா ரெயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே மார்க்கெட் பக்கம் நடந்தால், வாழை இலை, மல்லிகைச் சரம், அப்போதுதான் அரைத்த காப்பித்தூள் எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். அங்கேயுள்ள பாத்திரக் கடைகளில் காப்பி பில்டர், இட்லித் தட்டு, முறுக்கு அச்சு இவற்றுக்கு நடுவே பளபளப்பு இல்லாத, வாய் சற்றுக் கோணலான ஒரு சொம்பு உட்கார்ந்திருக்கும். விவரம் தெரியாதவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, விலையைக் கேட்டதும் மெதுவாகக் கீழே வைத்துவிடுவார்கள். எவர்சில்வரைவிடப் பல மடங்கு விலை. அதுவும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அதுதான் ஈயச் சொம்பு. ரசம் வைப்பதற்கென்றே உள்ள பாத்திரம்.

தஞ்சாவூர், பாலக்காடு பக்கங்களிலிருந்து வந்து, ரெயில்வேயிலும் கம்பெனிகளிலும் கிளார்க் வேலையில் சேர்ந்து, மாட்டுங்காவிலும் பிறகு செம்பூரிலும் குடியேறிய குடும்பங்கள் இதைத் தங்களோடு கொண்டுவந்தன. தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் வீட்டில் மண்சட்டியும் அலுமினியச் சட்டியும்தான் புழங்கின. ஆனாலும் ஈயத்தோடு அவர்களுக்குச் சம்பந்தம் இல்லாமல் இல்லை. பித்தளைப் பாத்திரம் ஒன்றாவது இருந்த வீடெல்லாம் ஒரு காலத்தில் ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருந்தது. மும்பையில் அவரைக் 'கலாய்வாலா' என்பார்கள். தெருவோரம் குழி தோண்டி, துருத்தி ஊதி, நவச்சாரப் புகையைக் கிளப்பி, கறுத்த பாத்திரத்தின் உட்புறத்தை வெள்ளி மாதிரி ஆக்கிக் கொடுப்பார். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதைத் தடுப்பது அந்த மெல்லிய பூச்சு. அங்கே பூச்சாக இருந்த உலோகமே இங்கே முழுப் பாத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கும்பகோணத்துச் சொம்பு என்று சொன்னால் கடைகளில் தனி மதிப்பு. ஈயத்தை உருக்கித் தகடாக்கி, கையால் தட்டித் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. தட்டிய தழும்பு மேலே தெரியும். அதைக் குறை என்று எண்ணி, வழவழப்பானதைத் தேடுகிறவர்களும் உண்டு, அது அறியாமை.

232 டிகிரி

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் தீ அதைப்போல் பல மடங்கு சூடு. அப்படியிருந்தும் சொம்பு உருகாமல் நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் புளித்தண்ணீர்தான். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. பாத்திரத்தில் ஏறும் சூட்டை அது வாங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் தீ. நெய் காய்ந்து கடுகு வெடிக்கிற சூடு சொம்புக்கு ஆகாது. தாளிப்பு இரும்புக் கரண்டியில் தனியாக நடக்க வேண்டும். இடுக்கி போட்டுத் தூக்கினால் விளிம்பு நசுங்கிவிடும், துணிதான் சரி.

இத்தனை விதியையும் பாட்டி சொல்லிக்கொடுத்திருப்பாள். ஆனால் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போன் வந்தது, பேச்சு நீண்டது என்றால் தீர்ந்தது. ரசம் சுண்டிய அடுத்த நிமிடம் அடிப்பாகம் இளகி, பர்னரின் மேல் வெள்ளிக் குழம்பாக ஊற்றிவிடும். புதிதாக வந்த மருமகள் கண்ணீரோடு நின்ற கதை இல்லாத குடும்பம், ஈயச் சொம்பு வைத்திருக்கும் குடும்பங்களில் குறைவு.

ரெயில்வே ஊழியர்களுக்கு இது பழகிய சங்கதி. ஜி.ஐ.பி. ரெயில்வே 1915-ல் தொடங்கிய மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த பழைய ஆட்கள் 'ஒயிட் மெட்டல்' என்ற பெயரை மறந்திருக்கமாட்டார்கள். ரோலர் பேரிங் பரவுவதற்கு முன்னால், வண்டியின் அச்சு சுழலும் பேரிங்கின் உட்புறத்தில் அதைத்தான் வார்த்திருப்பார்கள். எண்ணெய் வற்றினால் சூடேறி உருகி வழியும். 'ஹாட் ஆக்சில்' என்று வண்டியையே நிறுத்த வேண்டியிருக்கும். சமையலறையில் தண்ணீர் செய்யும் காவலை அங்கே எண்ணெய் செய்தது.

இந்தப் பேரிங் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றவர் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர். அதற்கு முன் அவர் செய்துவந்த தொழில் என்ன தெரியுமா? சாப்பாட்டு மேஜைப் பாத்திரம்! மாசசூசெட்ஸ் மாநிலத்து டான்டன் ஊரில், வெள்ளீயத்தோடு சிறிது ஆன்டிமனியும் செம்பும் சேர்த்துப் பாத்திரம் செய்தவர் அவர்.

அமெரிக்காவின் ஈயத் தட்டுகள்

பழைய அமெரிக்காவில் வசதியானவர் வீட்டில் வெள்ளி, ஏழை வீட்டில் மரத்தட்டு. நடுத்தரக் குடும்பம் பெருமையோடு அலமாரியில் அடுக்கிவைத்தது 'பியூட்டர்' எனப்படும் ஈயக்கலப்புத் தட்டுகளையும் குவளைகளையும். அன்றைக்கு ஆண்ட பிரிட்டன், செய்து முடித்த பாத்திரத்தைத் தாராளமாகக் கப்பலேற்றி அனுப்பியது. கட்டி ஈயத்துக்கு மட்டும் வரி போட்டது. பருத்தியை எடுத்துக்கொண்டு துணியைத் திருப்பி விற்ற கதையை அறிந்த நமக்கு இது விளங்கும். அங்குள்ள கைவினைஞர்கள் என்ன செய்தார்கள்? நசுங்கிய பழைய தட்டுகளை வாங்கி, உருக்கி, பித்தளை அச்சில் வார்த்துப் புதியதாக விற்றார்கள். நம் ஊர்த் தெருவில் 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு போனாரே, அவருடைய வியாபாரமும் ஏறக்குறைய இதுதான்.

அந்தப் பழைய பாணிப் பாத்திரங்களைக் கையால் செய்கிறவர்கள் இன்றும் அமெரிக்காவில் உண்டு. மலேசியாவில், கோலாலம்பூரில் 1885-ல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனமும் இதே தொழிலில் புகழ் பெற்றது. ஒரு முக்கியமான மாறுதல்: முற்காலத்துப் பியூட்டரில் பெரும்பாலும் காரீயம் கலந்திருந்தது. இப்போது நல்ல பியூட்டரில் அது சேர்ப்பதில்லை.

பெயர் ஒன்று, உலோகம் இரண்டு

இங்கேதான் நம்முடைய சொம்பைப் பற்றிய கவலை தொடங்குகிறது. தமிழில் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் பேச்சு வழக்கில் 'ஈயம்' என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். ஒன்று சோறு உண்ணும் பாத்திரத்துக்குரியது. மற்றது பாட்டரிக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் உரியது. புளிப்பில் காரீயம் கரையும். உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளீயமோ காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. நம் நாட்டில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் கொஞ்சம் கிடைக்கிறது; மீதி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலையில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது கலப்படத்துக்கு ஆசை வராதா?

வேண்டுமென்று கலப்பது ஒரு பக்கம். தெரியாமல் கலப்பது இன்னொரு பக்கம். ரேடியோ ரிப்பேர் கடைகளில் பற்றவைக்கிற கம்பியில் வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு என்பது பழைய கணக்கு. அப்படிப்பட்ட கழிவு பழைய ஈயத்தோடு சேர்ந்து உருக்கும் கொப்பரைக்குள் போனால் சொம்பைப் பார்த்து யார் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கச் சில கைமுறைகள் சொல்வார்கள். காரீயத்தைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளில் காரீயம் ஒன்றரை மடங்கு கனக்கும். தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் 'கிறீச்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். இவை மூன்றும் உண்மைதான். ஆனால் முழுக் காரீயத்தை வேண்டுமானால் இப்படிப் பிடிக்கலாம். நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்திருந்தால் தாளும் காட்டாது, தராசும் காட்டாது. விலை கொடுத்து வாங்கும் சொம்பை வளைத்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்? எக்ஸ்-ரே கருவி வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் சில நிமிடங்களில் விகிதத்தைச் சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவர் அங்கே போவதில்லை, விற்கிறவரும் அனுப்புவதில்லை.

லண்டனில் 1348-லேயே ஈயக்கலப்புப் பாத்திரம் செய்வோர் எவ்வளவு கலக்கலாம் என்று விதி எழுதிவைத்தார்கள். பின்னாளில் ஒவ்வொருவரும் தம்முடைய அடையாள முத்திரையைப் பாத்திரத்தின் மேல் குத்தினார்கள். தப்பு நடந்தால் யார் செய்தது என்று தெரிந்துவிடும். அமெரிக்கக் கைவினைஞர்களும் அதே வழக்கத்தைப் பின்பற்றினார்கள். நம் கும்பகோணத்துச் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. செய்தவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியாமல் போகலாம்.

தங்க நகைக்கு ஹால்மார்க் உண்டு. 2024-ல் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை வெளியிட்டது. அந்த ஆணை குறிப்பிடுவது அந்த இரண்டு உலோகங்களைத்தான். புளியும் எலுமிச்சையும் கொதிக்கிற ஈயச் சொம்பு அதில் சேரவில்லை. வாங்குகிறவர்கள் தொகையில் குறைவு, செய்கிறவர்கள் அதைவிடக் குறைவு. யார் போய்க் கேட்பார்கள்?

அதுவரை முத்திரையாக இருப்பது கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே. மூன்று தலைமுறையாக ஒரே கடையில் வாங்கும் மாட்டுங்கா வீட்டுக்கு அது போதுமானதாக இருக்கலாம். நவிமும்பையிலோ கல்யாணிலோ புதிதாகக் குடியேறி, படத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைக்கும் இளம் தம்பதிக்கு அந்தத் தைரியம் இல்லை. அவர்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. ரசீதில் வெறுமனே 'ஈயச் சொம்பு' என்று எழுதவிடாமல், 'வெள்ளீயம், காரீயம் கலவாதது' என்று எடையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். நல்ல சரக்கு வைத்திருப்பவர் எழுதிக் கொடுக்கத் தயங்கமாட்டார். தயங்குகிற கடையில் பில்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.