மாதவிடாய்த் தயக்கமும் தாமதமாகும் சிகிச்சையும்

தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு என மாதவிடாயைக் குறிக்க நம் வீடுகளில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை பெண்ணை ஒதுக்கிவைப்பதைச் சுட்டுகின்றனவே அன்றி, அவள் உடலில் நிகழ்வதைச் சுட்டுவதில்லை. இந்தத் தயக்கம் மருத்துவரின் அறைக்குள்ளும் தொடர்கிறது. மாதந்தோறும் பத்து நாள்கள் உதிரப்போக்கு உள்ள பெண், "உடம்பு அசதியாக இருக்கிறது" என்று மட்டும் கூறிச் சத்து மாத்திரை பெற்றுத் திரும்புகிறார். கணவரோ மாமியாரோ அருகில் அமர்ந்திருக்கும்போது, மருத்துவர் கேட்டாலும் அவர் உண்மையைச் சொல்லக் கூசுகிறார். காரணம் கண்டறியப்படாமலே ஆண்டுகள் கழிகின்றன.

உடலில் நிகழ்வது என்ன?

கருவை ஏற்கும் பொருட்டு ஒவ்வொரு சுழற்சியிலும் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. கரு உருவாகாதபோது ஹார்மோன் அளவு குறைந்து, அந்த உட்சுவர் இரத்தத்துடன் உதிர்ந்து வெளியேறுகிறது. இது கெட்ட இரத்தம் அன்று. உடலெங்கும் ஓடும் அதே இரத்தம்தான். "கெட்ட இரத்தம் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணம், தீட்டு என்ற சொல்லைக் காட்டிலும் அதிகத் தீங்கு விளைவிப்பது எனலாம். மிகையான உதிரப்போக்கையும் நன்மை என நம்பிப் பொறுத்துக்கொள்ளச் செய்வது அதுவே.

எந்த அளவு மிகையானது?

வயது வந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவதும், 2 முதல் 7 நாள்கள் நீடிப்பதும் இயல்பு. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகள் சுழற்சி ஒழுங்கின்றி இருக்கலாம். ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி லிட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு, மூன்று மேசைக்கரண்டி அளவே. 80 மில்லி லிட்டரைக் கடந்தால் அது மிகை. வீட்டில் யாரும் இதை அளந்து பார்க்க இயலாது. ஆனால், ஒரு நாப்கின் ஓரிரு மணி நேரத்திலேயே முழுதும் நனைந்துவிடுதல், இரவில் மாற்றுவதற்காகவே எழ நேர்தல், பெரிய இரத்தக்கட்டிகள் வெளிப்படுதல், ஏழு நாள்களுக்கு மேல் நீடித்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரை அணுக வேண்டும்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. உணவுக் குறைபாடு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. சொல்லப்படாத உதிரப்போக்கும் ஒரு காரணம். கருப்பையில் நார்த்திசுக் கட்டி, தைராய்டு கோளாறு, இரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு என அதன் பின்னணியில் சிகிச்சைக்குரிய நோய் இருக்கலாம். பூப்பெய்திய நாள் முதலே மிகுதியாக உதிரம் போகும் சிறுமிக்கு இரத்த உறைவுப் பரிசோதனை அவசியம்.

வலியும் இவ்வாறே மறைக்கப்படுகிறது. முதல் ஓரிரு நாள்கள் அடிவயிறு வலிப்பது பலருக்கும் நேர்வதே. பள்ளிக்கோ பணிக்கோ செல்ல இயலாதபடி மாதந்தோறும் படுக்கவைக்கும் வலி அவ்வாறானதன்று. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று அதைத் தள்ளிப்போடுவது தவறு. கருப்பை உட்சுவரை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உள்ளது. திருமணத்திற்குப் பின் குழந்தை இல்லை என்று சிகிச்சைக்கு வரும்போதே பலருக்கு அது முதன்முதலாகத் தெரியவருகிறது.

நம்பிக்கைகளும் அவற்றின் விலையும்

மாதவிடாய்ப் பெண் தொட்டால் ஊறுகாய் கெடும், துளசி வாடும் என்பன உண்மையல்ல. மருத்துவத் துறையும் இத்தகைய எண்ணத்திற்கு முற்றிலும் விலக்காக இருந்ததில்லை. 1920இல் வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் பேலா ஷிக், மாதவிடாய்க் காலத்தில் பெண்ணின் உடலில் மலர்களை வாடச்செய்யும் நச்சு ஒன்று இருப்பதாகக் கருதினார். அப்படி ஒரு நச்சு இருப்பது பின்னாளில் எந்த ஆய்விலும் நிறுவப்படவில்லை.

ஒதுக்கிவைத்தல் உயிரையும் பறிக்கக்கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, தஞ்சாவூர் மாவட்டத்தில் பூப்பெய்தியதால் வீட்டிற்கு வெளியே ஓலைக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, தென்னைமரம் சாய்ந்து உயிரிழந்தாள். புயல் இல்லாத நாள்களிலும் வீட்டிற்கு வெளியே தங்கும் பெண்ணுக்குப் பாம்புக்கடி, குளிர், கழிப்பறை இன்மை ஆகிய இடர்கள் உண்டு.

துணி பயன்படுத்துவோர் அதைப் பிறர் கண்ணில் படாதவாறு பிற துணிகளுக்கு அடியில் உலர்த்துவதுண்டு. ஈரம் காயாத துணியால் தொற்றும் அரிப்பும் வரலாம். சோப்பிட்டு அலசி, நேரடி வெயிலில் உலர்த்துங்கள். நாப்கினை உதிரப்போக்கு குறைவாக இருந்தாலும் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

திருவிழா, கிரகப்பிரவேசம் போன்றவற்றுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் நேரடியாக வாங்கி உண்ணும் வழக்கம் இங்குப் பரவலாக உள்ளது. வீட்டுப் பெரியவர்களே வாங்கித் தருவதும் உண்டு. இவை ஹார்மோன் மருந்துகள். முன்பு இரத்தக்குழாயில் உறைவு ஏற்பட்டவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், பார்வைக் கோளாறுடன் ஒற்றைத் தலைவலி வருபவர்கள் ஆகியோருக்கு இவற்றால் ஆபத்து நேரலாம். மருத்துவரின் ஆலோசனையின்றி எவரும் உட்கொள்ள வேண்டாம்.

பராமரிப்பவர்களுக்கு

மகளுக்கு எட்டு, ஒன்பது வயதாகும்போதே இதுபற்றிச் சொல்லுங்கள். முதல் உதிரப்போக்கைக் கண்டு தனக்குக் காயம் பட்டுவிட்டதாக அஞ்சும் சிறுமிகள் இன்றும் உள்ளனர். தாய் இல்லாத வீட்டில் தந்தை சொல்லலாம். மகன்களும் அறிந்திருப்பது நன்று. கடையில் நாப்கின் வாங்கும்போது அதைச் செய்தித்தாளில் சுற்றித் தர வேண்டியதில்லை என்று அவர்களே சொல்லட்டும். அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு, மாதவிடாய் வரும் முன்பே நாப்கினைச் சில மணி நேரம் அணிந்து பழக்கினால் பின்னர் அச்சம் குறையும். வீட்டிலுள்ள மூத்த பெண்களையும் மறவாதீர்கள்: மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் தென்பட்டாலும் உடனே பரிசோதனை தேவை. அது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அதைச் சொல்லக் கூசி மாதக்கணக்கில் மறைக்கும் பாட்டிமார் பலர்.

மருத்துவமனைக்குச் செல்லும் முன், கடந்த மூன்று மாதங்களில் உதிரப்போக்கு தொடங்கிய நாள், முடிந்த நாள், ஒரு நாளில் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினாலே போதும். உடன் வந்தவரைச் சிறிது நேரம் வெளியே காத்திருக்கச் சொல்லுமாறு மருத்துவரிடமோ செவிலியரிடமோ நீங்கள் கேட்கலாம். முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால், தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.