லாப்ரடூடில்: உருவாக்கியவரே வருந்திய நாய்

1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்துக்கு ஹவாயிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பார்வைக் குறைபாடுள்ள பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவை. ஆனால் அவருடைய கணவருக்கு நாய் என்றாலே ஒவ்வாமை. சங்கத்தில் பணியாற்றிய வாலி கான்ரன், லாப்ரடாரையும் பூடிலையும் இணைசேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றின் ரோமத்தையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒன்றே ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது.

அந்த உண்மையை உலகம் காதில் வாங்கவில்லை. லாப்ரடூடில் என்ற பெயர் பரவியது. ஒவ்வாமையே தராத நாய் என்று சொல்லி, கொள்ளை விலைக்கு விற்றார்கள். பெற்றோர் நாய்களின் இடுப்பு மூட்டு, கண், பரம்பரை நோய் எதையும் சோதிக்காமல் குட்டி போட வைத்தவர்களும் உண்டு. 2019இல் கான்ரன், இந்த நாயை உருவாக்கியதே தன் வாழ்நாள் வருத்தம் என்றார்.

ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. ரோமம் குறைவாக உதிர்ந்தால் அது இல்லாமல் போய்விடாது. உதிராத சுருட்டை ரோமமோ தினமும் சீவாவிட்டால் காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சிக்குப் பிடித்துக் கெட்டியாகி, தோலை இழுத்துப் புண்ணாக்கும்.

கலப்பு நாய் என்பதாலேயே அது நோயாளி நாய் என்று அர்த்தமில்லை. கவலை, குட்டி போட வைத்து விற்பவர்களின் பொறுப்பின்மை பற்றியதுதான். ஆகவே, குட்டி வாங்கும் முன் தாய் நாயை நேரில் பாருங்கள். மருத்துவப் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.