நினைவகம் எவ்வளவு வேண்டும்?

நம் சங்கப் பொங்கல் விழா வீடியோவைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 64 ஜிபி நினைவகம் வேண்டும் என்றார் கடைக்காரர். சங்கப் பணமாயிற்றே! ரயில்வேக்காரன் புத்தி, கணக்குப் போட்டேன்.

ஹார்ட் டிஸ்க் யார்டு மாதிரி, நினைவகம் பிளாட்பாரம். எல்லா வண்டியும் யார்டில் நிற்கலாம். அப்போதைக்கு வேண்டிய வண்டிக்குத்தான் பிளாட்பாரம்.

எச்டி வீடியோவில் ஒரு படம் 1920க்கு 1080 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 8 எம்பி. விநாடிக்கு 25 படம், ஏறத்தாழ 200 எம்பி. 4கே என்றால் நான்கு மடங்கு. மென்பொருள் முழு விழாவையும் ஒரேயடியாக ஏற்றுவதில்லை. பிரீமியர் புரோவுக்கு எச்டி என்றால் 16, 4கே என்றால் 32 ஜிபி என்பது அடோபியின் பரிந்துரை.

நம்முடையது எச்டி. இருந்த 8ஐ 16 ஆக்கினேன், வேலை முடிந்தது. மிச்சப் பணம் குழந்தைகளின் தமிழ் வகுப்புக்கு.

நீங்களும் வாங்குமுன், வேலை நடக்கும்போது டாஸ்க் மேனேஜரில் நினைவகம் நிரம்புகிறதா என்று பாருங்கள்.