அரங்கேறும் முன்

நுழையும்முன்

நடிப்பு பிறவியிலேயே வாய்ப்பது என்பர் சிலர். முயன்றால் எவர்க்கும் வாய்க்கும் என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் பாதி உண்மையே உண்டு. தக்க ஆசிரியரும் தக்க முறையும் அமையும்போதே விருப்பம் கலையாக வளர்கிறது. நடிப்பை எங்கே பயில்வது, எம்முறையில் பயில்வது என்னும் வினாக்களுக்கு விடை தேட இக்கட்டுரை துணைசெய்கிறது.

ஆசிரியரின் தகுதி

மாதவி ஐந்து வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் ஊன்றிக் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. மாதவியின் ஆடலைப் புனைவதற்கு முன்னரே, ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் விரிவாக எடுத்துரைக்கிறார். மாணவியின் திறத்தைக் காணுமுன் ஆசிரியரின் திறத்தைக் காண்க என்பது அவ்வமைப்பு உணர்த்தும் குறிப்பாகும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் நடிப்புப் பயிற்சிக்கு அடிப்படையானது. நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்கிறார். பிறரை இகழ்வதால் எழும் நகை வேறு. அறியாமையால் எழும் நகை வேறு. ஆகவே சிரிப்பை முகத்தில் காட்டுமுன், அது எதிலிருந்து பிறந்தது என்று நடிகர் அறிதல் வேண்டும். காரணத்தைக் கற்பிக்காமல் முகபாவனையை மட்டும் கற்பிக்கும் பயிற்சி குறைபாடுடையதே.

பாலர் சபைகளும் பயில்முறை மன்றங்களும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாலர் நாடகக் குழுக்களே தமிழ் நடிகர்களின் பயிற்சிக்கூடங்களாக விளங்கின. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். ஔவை தி.க. சண்முகம் உள்ளிட்ட சகோதரர்கள் அங்குப் பயின்றவர்களே. இத்தகைய குழுக்களில் சிறுவர்கள் ஆசிரியருடன் தங்கி, பாட்டும் உரையாடலும் மனப்பாடம் செய்து, சிறு வேடம் முதல் பெண் வேடம் வரை அனைத்தையும் ஏற்றனர். பிற்காலத்தில் திரையுலகில் புகழ்பெற்ற எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய குழுக்களிலிருந்து வந்தவர்களே.

இம்முறையின் பயன் பெரிது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. நினைவாற்றலும் குரல்வளமும் மேடைத் துணிவும் இளமையிலேயே கைவந்தன. ஆனால் பலருக்குப் பள்ளிக்கல்வி இல்லாமற்போயிற்று. கண்டிப்பு கடுமையாக இருந்தது. மகரக்கட்டு ஏற்பட்டுக் குரல் உடைந்ததும், அதுவரை பாடி நடித்த சிறுவன் தன் வேடத்தை இழக்க நேர்ந்தது.

இதற்கு மாறான வழியொன்றைப் பம்மல் சம்பந்தனார் காட்டினார். அவர் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றியவாறே நாடகம் எழுதினார், நடித்தார், நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறும் வழியைத் தனிநூலாகவும் எழுதினார். கல்வியையோ தொழிலையோ கைவிடாமல் நடிப்பைப் பயில இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

கூத்தின் பயிற்சி

தெருக்கூத்து விடிய விடிய நிகழ்வது. கூத்துக் கலைஞர் திறந்தவெளியில் பாடுகிறார், பேசுகிறார், அடவு வைக்கிறார். புஜக்கட்டை, மார்புக்கட்டை முதலிய அணிகளின் சுமையோடு இவை அனைத்தையும் செய்ய வேண்டியிருப்பதால் மூச்சும் குரலும் உடலும் ஒருங்கே பயிற்சி பெறுகின்றன. நா. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, கூத்து மரபிலிருந்து உரம்பெற்று நவீன நடிகர்களைப் பயிற்றுவித்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் முதலியோர் அப்பட்டறை வழியே வந்தவர்கள்.

மேலை நாட்டு முறைகள்

இன்றைய பயிற்சி வகுப்புகள் பலவற்றில் ஒலிக்கும் பெயர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. 1898இல் தொடங்கப்பட்ட மாஸ்கோ கலை அரங்கின் நிறுவனர்களுள் ஒருவரான அவர், பாத்திரத்தின் சூழல் என்ன, அதன் நோக்கம் என்ன, அந்நோக்கத்தை அடைய அது என்ன செய்கிறது எனக் கேட்டு நடிக்கக் கற்பித்தார்.

அவருடைய கருத்துகள் அமெரிக்காவை அடைந்தபோது ஒரே குழுவிலிருந்து மூன்று வழிகள் பிரிந்தன. நியூயார்க்கில் 1931இல் தோன்றிய குரூப் தியேட்டரில் லீ ஸ்ட்ராஸ்பெர்க், ஸ்டெல்லா அட்லர், சான்ஃபோர்டு மைஸ்னர் ஆகிய மூவரும் இருந்தனர். நடிகர் தம் வாழ்வின் பழைய உணர்வுகளை நினைவிலிருந்து மீட்டெடுக்க வேண்டும் என்றார் ஸ்ட்ராஸ்பெர்க். 1934இல் பாரிசில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே சந்தித்துத் திரும்பிய அட்லர் அதை மறுத்து, நாடகம் தரும் சூழலும் நடிகரின் கற்பனையுமே முதன்மையானவை என்றார். எதிரில் நிற்பவரை உற்றுக் கவனித்து, அவர் செயலுக்கேற்ப மறுவினையாற்றுவதே நடிப்பு என்றார் மைஸ்னர்.

ஜெர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்ட் வேறொரு திசையில் சென்றார். பார்வையாளர் உணர்ச்சியில் மூழ்கிவிடாமல் சிந்திக்க வேண்டும். அதற்கு நடிகர் பாத்திரமாகவே மாறிவிடாமல் அதனை எடுத்துக்காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. கூத்தில் கட்டியங்காரன் கதையிலிருந்து விலகிவந்து மக்களோடு பேசுவதைக் கண்டவர்க்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது.

தெரிந்து தெளிவோம்

மேடை நடிகரின் குரல் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரையும் எட்ட வேண்டும். படக்கருவியின் முன் நடிப்பவருக்கோ இமையின் சிறு அசைவும் பெரிதாகத் தெரியும். அடிப்படைப் பயிற்சி இரண்டிற்கும் பொதுவானது. வெளிப்பாட்டின் அளவே வேறுபடும்.

தனக்கேற்ற முறை

இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவைவிட, பயில்பவரிடம் உள்ள குறை எது என்னும் வினாவே பயனுடையது. மூச்சும் குரலும் வலுவற்றவருக்குக் கூத்துப் பயிற்சி துணைசெய்யும். வசனத்தைப் பிழையின்றி ஒப்பித்தும் உடன் நடிப்பவரைக் கவனியாதவருக்கு மைஸ்னரின் வழி பொருந்தும். கூச்சமுடையவர் குழு விளையாட்டுகளிலும் முன்னேற்பாடின்றி நடித்துப் பார்க்கும் பயிற்சிகளிலும் தொடங்கலாம். பாத்திரத்தின் மனத்தைப் புரிந்துகொள்ள இடர்ப்படுபவருக்கு ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் வினாக்கள் வழிகாட்டும்.

உணர்வு நினைவுப் பயிற்சியில் மட்டும் தனிக்கவனம் தேவை. ஆறாத துயரத்தை மீண்டும் மீண்டும் கிளறுவது இளம் மனத்தைப் புண்படுத்தக்கூடும். வீட்டில் அண்மையில் இழப்பைக் கண்ட மாணவரிடம், அத்துயரை வகுப்பின் முன் சொல்லி அழும்படி வற்புறுத்துவது பயிற்சி ஆகாது. மனத்திற்கோ உடலுக்கோ ஒவ்வாத ஒன்றை மாணவர் மறுத்தால், அம்மறுப்பை மதித்து வேறு வழியில் கற்பிப்பவரே நல்லாசிரியர்.

வகுப்பை ஆராய்தல்

சேருமுன் ஒரு நாள் வகுப்பில் அமர்ந்து பார்க்க இசைவு கேட்பது நன்று. அங்கு ஆசிரியர் எவ்வாறு நடித்துக் காட்டுகிறார் என்பதைவிட, தவறு செய்த மாணவரை எவ்வாறு திருத்துகிறார் என்பதையே நோக்க வேண்டும். குறையைச் சுட்டி, அதை நீக்கும் வழியையும் சொல்கிறாரா, பலர் முன் எள்ளி நகையாடுகிறாரா என்பது அரைமணி நேரத்தில் புலப்பட்டுவிடும்.

மாணவர் எண்ணிக்கையும் கருதத்தக்கது. இரண்டு மணி நேர வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று மணித்துளிகளே. பயிற்சியின் முடிவில் மேடையேற்றம் உண்டா, அங்குப் பயின்றோர் இப்பொழுது என்ன செய்கின்றனர் என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். அம்முன்னாள் மாணவர்களிடமே நேரில் பேசுவது இன்னும் நன்று.

கட்டணம் முழுவதையும், இடையில் விலகினால் திருப்பித் தரப்படும் தொகையையும் எழுத்து வடிவில் பெறுதல் வேண்டும். திரைப்பட வாய்ப்பு உறுதி எனக் கூறி முன்பணமும், புகைப்படத் தொகுப்புக்கெனத் தனிப்பணமும் கேட்கும் இடத்தில் ஐயம் கொள்வதே அறிவுடைமை. கலையைக் கற்பிப்பது ஆசிரியர் கையில் உண்டு. வாய்ப்பு அவர் கையில் இல்லை. அடகு வைத்த நகையும் வாங்கிய கடனும் அந்த ஒரு சொல்லை நம்பிக் கரைந்துபோனால், இழப்பு மாணவரோடு நில்லாது, குடும்பத்தையும் வாட்டும். பதினெட்டு வயது நிரம்பாதோர், பெற்றோருக்குத் தெரியாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடலாகாது.

நடிப்பை உயர்கல்வியாகப் பயிலும் வழியும் உண்டு. 1959இல் புதுதில்லியில் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளி மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கிறது. பட்டம் பெற்றோரையே அது சேர்த்துக்கொள்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகக் கல்வி உண்டு. எனவே, பள்ளிப்படிப்பையும் கல்லூரிப்படிப்பையும் நிறைவு செய்வது நடிப்புக் கனவுக்குத் தடையாகாது. அது அக்கனவுக்குச் செல்லும் வாயில்களுள் ஒன்று.

நிறைவாக

பணம் செலவழித்தால்தான் தொடங்க முடியும் என்பதில்லை. பள்ளி இலக்கிய மன்றத்து நாடகம், ஊர்த் திருவிழாக் கூத்து, நாள்தோறும் உரக்கப் படிக்கும் ஒரு பக்கம், பேருந்து நிலையத்தில் கூர்ந்து நோக்கும் மனிதர்களின் நடையும் பேச்சும் ஆகிய யாவும் கட்டணமில்லாப் பாடங்களே. இவற்றில் ஓராண்டு ஊன்றியவர், ஒரு பயிற்சிக்கூடத்தின் வாயிலில் நிற்கும்போது, தமக்கு எது தேவை என்பதைத் தெரிந்தே நிற்பார். அவ்வாறு நிற்பவரை வெற்றுறுதிமொழியால் ஏமாற்றுதல் எளிதன்று.