மூடி மறைக்காதீங்க, டீச்சரிடம் சொல்லிடுங்க!

"உங்க பொண்ணுக்கு ரொம்ப திமிர். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை!"

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பற்றிப் பள்ளியிலிருந்து வந்த புகார் இது. வீட்டில் ஒன்று கேட்டால் ஒன்பது பதில் சொல்கிறவள் ஆயிற்றே என்று குழம்பினேன். விஷயத்தைக் கண்டுபிடித்தவர் என் மாமியார். ஊரிலிருந்து நாத்தனார் பேசியபோது, செல்போனைக் குழந்தையின் இடது காதில் வைத்திருக்கிறார். "அத்தை பேசவே இல்லை பாட்டி" என்றாளாம். வலது காதுக்கு மாற்றியதும் கலகலவென்று பேசினாளாம்!

மறுநாளே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனோம். பரிசோதனையில் இடது காது அறவே கேட்கவில்லை என்று தெரிந்தது. முந்தின வருஷம் வந்த பொன்னுக்கு வீங்கி காரணமாக இருக்கலாம், நரம்பு பாதிப்பு என்பதால் மருந்தில் சரியாகாது என்றார் டாக்டர்.

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டுமாம். அமைதியான வீட்டில் குறையே தெரியாது. பிள்ளைகள் கூச்சல் போடும் வகுப்பில், கேட்காத பக்கம் நின்று டீச்சர் கூப்பிட்டால் பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

சொந்தக்காரர்களோ, "பொம்பளைப் புள்ள... நாளைக்குக் கல்யாணப் பேச்சு வர்றப்ப இடைஞ்சலாயிடும். வெளியில மூச்சு விடாதே" என்றார்கள். நானும் என் கணவரும் சம்மதிக்கவில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கணக்கில், இரண்டு காதிலும் குறை உள்ளவர்கள்தான் வருவார்கள். என் மகளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சலுகை டீச்சரும் தோழிகளும் தருவதுதான். அவர்களிடமே மறைத்தால் எப்படி?

டாக்டர் சீட்டோடு போய்ச் சொன்னோம். முன்வரிசையில், இடது காது சுவர்ப் பக்கமும் வலது காது வகுப்பின் பக்கமும் இருக்கும்படி உட்கார வைத்தார் டீச்சர். தோழிகளும் வலது பக்கம் வந்துதான் பேசுகிறார்கள். "டிக்டேஷன்ல இப்ப தப்பே வர்றதில்லை" என்று அந்த டீச்சரே பாராட்டினார். ரோட்டில் ஹாரன் எந்தப் பக்கம் என்று புரியாது என்பதால், நின்று இருபுறமும் பார்த்துக் கடக்கப் பழக்கியிருக்கிறோம்.

சகோதரிகளே, பிள்ளை கூப்பிட்டும் திரும்பாவிட்டால் திட்டுவதற்கு முன் இரண்டு காதையும் தனித்தனியாகப் பரிசோதித்துப் பாருங்கள். அழுக்கு அடைப்போ, உள்ளே நீர் கோத்ததோ என்றால் குணப்படுத்திவிடலாம். திடீரென்று காது கேட்காமல் போனால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். 2017-ல் அரசு தொடங்கிய எம்.ஆர். தடுப்பூசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டும்தான். பொன்னுக்கு வீங்கியையும் தடுப்பது எம்.எம்.ஆர். ஊசி. உங்கள் குழந்தைக்கு எது போட்டிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் கேட்கும் காதில் குச்சி விடுவது, எண்ணெய் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். அந்த ஒரு காதை வைத்துத்தான் அது ஆயுசுக்கும் கேட்டாக வேண்டும்!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.