வீட்டுக்குள் இணையம்: பேட்ச் பேனல் யாருக்குத் தேவை?



புதிய வீட்டின் சாவி கைக்கு வந்ததும் தரைக்கல், சமையலறை மேடை, சாமி அறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். இணையக் கம்பியின் நினைவு வருவதோ சாயம் பூசி முடித்த பிறகுதான். பூசிய சுவரை மறுபடி உடைக்க யாருக்கு மனம் வரும்? இன்றைய கருத்தரங்கில் நாம் பேசவிருப்பது, சுவரைப் பூசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒரு சிறிய பொருளைப் பற்றி.

பாக்கார் ஆராங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல இன்று தாமான்களில் இணைப்பு வீடுகளில் வாழ்கின்றன. முன்பு தொலைபேசிக் கம்பி வழியே ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் யூனிஃபை அறிமுகமான பிறகு, கண்ணாடி இழைக் கம்பி மெல்ல மெல்ல வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியது. ஆனால் வாசலுக்கு வந்த வேகம் பின்னறை வரை போய்ச் சேருகிறதா? 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பிள்ளைகளின் பாடமும் பெற்றோரின் வேலையும் ஒரே கூரைக்கு அடியில் நடந்தபோது பல குடும்பங்களுக்கு இதற்கு விடை கிடைத்தது. முன்கூடத்தில் இருக்கும் வைஃபை, இரண்டு மூன்று செங்கல் சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துப் போகிறது. பின்னறையில் ஆசிரியரின் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கிறது.

இதற்கு உறுதியான வழி, அறைக்கு அறை கம்பி இழுப்பதுதான். அந்தக் கம்பிகள் எல்லாம் வந்து கூடும் இடமே பேட்ச் பேனல்.

அது என்ன செய்கிறது?

எங்கள் தொலைக்காட்சித் துறையில் இது பழகிய பொருள். கட்டுப்பாட்டு அறைக்கு வரும் கம்பிகளெல்லாம் ஒரு பலகையின் பின்புறம் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். எதை எதனோடு இணைப்பது என்பதை முன்புறத்தில் சிறு கம்பியைச் செருகி மாற்றிக்கொள்வோம். வீட்டு பேட்ச் பேனலும் அதே வேலையைத்தான் செய்கிறது. சுவருக்குள் போகும் கம்பி விறைப்பானது. அடிக்கடி வளைத்தால் உள்ளே முறியும். பேனலில் ஒருமுறை பதித்துவிட்டால் அதை மீண்டும் தொட வேண்டியதில்லை. பழுதானால் முன்னால் இருக்கும் சிறு கம்பியை மாற்றினால் போதும். சுவர் தப்பிக்கும்.

ஒன்றை மறந்துவிடலாகாது. பேனலுக்கு மின்சாரம் கிடையாது. அது இணையத்தைப் பகிர்ந்து கொடுக்காது. பகிர்வது அதன் பக்கத்தில் வைக்கும் சுவிட்ச் என்ற கருவி. வீட்டில் இரண்டு மூன்று கம்பிகள் மட்டும் என்றால் அவற்றைச் சுவர்ப் பெட்டியில் முடித்து, நேராக ரவுட்டரில் செருகிவிடலாம். பேனலுக்குச் செலவு வேண்டாம். ஐந்தாறு கம்பிகளைத் தாண்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எதை வாங்குவது?

முதலில் எண்ணிப் பாருங்கள். அறைக்கு இரண்டு முனை, கூடத்தில் தொலைக்காட்சிக்கு இரண்டு, கண்காணிப்புக் கேமராவுக்கு ஒன்றிரண்டு. மூன்று அறை வீட்டுக்குப் பெரும்பாலும் 12 முனைப் பேனல் போதும். பிற்காலத்துக்கு என்று சில முனைகள் காலியாக இருக்கட்டும்.

பேனலும் கம்பியும் ஒரே தரமாக இருக்க வேண்டும். கேட் 6 கம்பியை கேட் 5இ பேனலில் பதித்தால் கிடைப்பது கேட் 5இ தரமே. கேட் 5இ வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டு செல்லும். கேட் 6, குறைந்த தூரத்தில், அதாவது சுமார் 55 மீட்டர் வரை, 10 கிகாபிட்டையும் தாங்கும். 20க்கு 70 அடி இணைப்பு வீட்டின் நீளமே 22 மீட்டருக்குள் அடங்குகிறது. ஆகவே கேட் 6 போதுமானது. அதற்கு மேல் விலை கொடுப்பது வீண்.

ஒவ்வொரு முனையும் தனித்தனியாகக் கழன்று வரும் கீஸ்டோன் வகைப் பேனல் வீட்டுக்கு வசதியானது. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

கம்பி வாங்கும்போது விழிப்பாக இருங்கள். மலிவாகக் கிடைக்கும் சில கம்பிகள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசப்பட்டவை. நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். முழுச் செம்புக் கம்பியையே கேளுங்கள்.

பொருத்தும்போது

இடம் முக்கியம். குளியலறை ஈரமும் சமையலறைப் புகையும் படாமல், காற்றோட்டத்தோடு, கண்ணாடி இழைப் பெட்டிக்கு அருகில் இருக்கட்டும். அங்கே மின்செருகி தேவைப்படும். அந்த மின்வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்கம்பியரிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு முனைக்கும் ஒட்டுப் போடாத ஒரே கம்பி வேண்டும். இழுக்கும் முன்பே இரு நுனியிலும் எண் எழுதி ஒட்டுங்கள். மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் நுழைக்கக் கூடாது. இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கம்பிக்குள் நான்கு ஜோடிகளாக எட்டு இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்குதான் இரைச்சலைத் தடுக்கிறது. எனவே பதிக்கும் இடத்தில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். பேனலில் ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசைகள் அச்சிட்டிருக்கும். எதுவானாலும் சரி, இரு முனையிலும் ஒன்றையே பின்பற்றுங்கள். பதிக்கும் கருவியிலும் 110, குரோன் என இரு வகை அலகுகள் உண்டு. பேனலுக்கு எது பொருந்தும் என்று பார்த்து வாங்குங்கள்.

இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. வீட்டுக்கு வெளியே, வேறு கட்டடத்துக்குச் செம்புக் கம்பி இழுத்தால் மின்னல் தாக்கம் அதன் வழியே உள்ளே வரக்கூடும். அங்கே மின்சாரம் பாயாத கண்ணாடி இழையே பாதுகாப்பு.

கடைசியாக, பூச்சு வேலைக்கு முன் குத்தகையாளரை நிறுத்தி, சோதனைக் கருவியால் ஒவ்வொரு கம்பியையும் உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். கம்பி போகும் பாதையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண் எந்த அறைக்கு என்று ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து ஆணி அடிக்க வருபவருக்கும் அந்தத் தாள் உதவும்.