கோப்பி விரியன்: சின்னப் பாம்பு என்று இருந்துவிடாதீர்கள்

கொழுந்தெடுக்கையில், கவ்வாத்துக் குப்பை அள்ளுகையில், றப்பர் மலையில் சருகு மிதித்து நடக்கையில் சுருக்கென்று கடிக்கும். நீளம் பெரும்பாலும் ஒரு முழத்துக்குள்தான். "சின்னப் பாம்புதானே" என்று வேலையைப் பார்க்கிறோம். அதுதான் பிழை.

இது கோப்பி விரியன், சிங்களத்தில் குணகட்டுவா. அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புக்கு உறவு. ஆனால் இதன் வாலில் கிலுக்கு இல்லை, எச்சரிக்காது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழியால் எலியின் உடம்புச் சூட்டை அறியும். குட்டிகள் வால் நுனியைப் புழுப்போல ஆட்டித் தவளையை வரவழைக்கும்.

கடித்த இடம் வீங்கும், கொப்புளிக்கும். சிலருக்கு ரத்தம் உறையாது, சிறுநீரகம் பழுதாகும். உயிர் போனதும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக உள்ள இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கே, இதற்குக் கேட்காது. "அப்ப ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று கேட்காதீர்கள். ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து, பழுதானால் காப்பாற்றுவது அங்கேதான்.

கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, அசையாமல் உடனே கொண்டு போங்கள். வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் குறைந்தால் மறுபடி போங்கள்.